ஆக்ஸிஜன் 99 இருந்தும் ஏன் அப்படி மூச்சு வாங்கியது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. 11 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் போட்டு வருகிறான். கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறான். போன மாதம் காய்ச்சலும் வாந்தியுமாக இரண்டு நாள் சாப்பிடவில்லை. "சாப்பிடாமல் ஊசி போட்டால் சுகர் இறங்கிவிடும், போடாதே" என்று நான்தான் போனில் சொன்னேன். மூன்றாம் நாள் பெரிது பெரிதாக மூச்சு வாங்கியிருக்கிறது. பக்கத்து கிளினிக்கில் விரலில் மெஷின் மாட்டிப் பார்த்து, ஆக்ஸிஜன் 99 இருக்கிறது, வீசிங்காக இருக்கும் என்று நெபுலைசர் வைத்து அனுப்பிவிட்டார்கள். அன்று இரவே மயங்கிவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தான். "ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது. இந்த மூச்சுதான் இவனைத் தாக்குப்பிடிக்க வைத்தது" என்றார் அங்கிருந்த டாக்டர். எனக்கு அது புரியவே இல்லை. மூச்சுக்கும் ரத்தத்தில் உள்ள அமிலத்துக்கும் என்ன சம்பந்தம்? தினமும் பிராணாயாமம் செய்து, ஆல்கலைன் வாட்டர் குடித்தால் இனி இப்படி வராது என்கிறார் உறவினர் ஒருவர். செய்யலாமா? முதல் நாள் ரிப்போர்ட்டில் இருந்தவை: பி.எச். 7.07, கார்பன் டை ஆக்ஸைடு 16, பைகார்பனேட் 4.5.
- ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, கேள்விக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "நான்தான் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி போட்டால் சுகர் இறங்கிவிடுமே என்ற பயம் எந்தத் தாய்க்கும் வரும். அந்தப் பயத்தில் பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதியை, அதாவது சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக்கூடாது என்பதை, இந்த எட்டு வருடத்தில் யாராவது உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது மருத்துவர்களான எங்கள் குறை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மூச்சு. ஆக்ஸிஜனுக்காகத்தான் மூச்சு விடுகிறோம் என்று பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிட்டது. ஆனால் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் ஒருவரின் மூச்சை நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிக் குறைப்பது ஆக்ஸிஜன் அல்ல, கரியமில வாயு. உங்கள் ரிப்போர்ட்டில் கார்பன் டை ஆக்ஸைடு என்று இருப்பது இதுதான். மூச்சை அடக்கிப் பாருங்கள். முக்கால் நிமிடத்தில் நெஞ்சு தவிக்கும். அப்போதும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் தாராளமாகவே இருக்கும். வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும் கரியமில வாயுதான் அந்தத் தவிப்பைக் கிளப்புகிறது. ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு பேர் இங்கிலாந்தில் 1905-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

அந்த வாயு சேர்ந்தால் உடம்பு ஏன் இப்படிப் பதற வேண்டும்? கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது தண்ணீரும், அதில் அழுத்தி ஏற்றிய கரியமில வாயுவும்தான். ஆனாலும் நாக்கில் சுருக்கென்று புளிக்கிறது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் ஆகிறது. அந்தப் புளிப்பு அதனுடையது. கோலியைத் தட்டித் திறந்து டம்ளரில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டால் குமிழும் போய்விடும், சுருக்கும் போய்விடும். வாயு பறந்தது, கூடவே அமிலமும் போய்விட்டது. நம் ரத்தத்திலும் நடப்பது இதேதான். ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் கொஞ்சம் அமிலத்தை வெளியே விடுகிறோம்.

கொஞ்சம் என்றா சொன்னேன்? கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் நம் உடம்பில் உண்டாகும் கரியமில வாயு ஏறக்குறைய 15,000 மில்லிமோல் (வேதிப்பொருளை அளக்கும் ஓர் அலகு). புரதம் போன்ற உணவுப் பொருட்கள் செரித்துச் செலவாகும்போது வரும் ஆவியாகாத அமிலமோ 50 முதல் 100 மில்லிமோல்தான். இந்தச் சின்னப் பங்கைச் சிறுநீரகம் பொறுமையாகச் சிறுநீரில் அனுப்புகிறது. அந்தப் பெரிய பங்கு முழுவதும் நுரையீரல் வழியாகவே போகிறது. வேகத்திலும் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. சிறுநீரகம் தன் வேலையைக் கூட்டிக்கொள்ள மூன்று, நான்கு நாள் ஆகும். மூச்சு சில நிமிடங்களில் மாறிவிடும். மூச்சை இரு மடங்காக்கினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறத்தாழ பாதியாகிவிடும், அமில அளவைக் காட்டும் எண்ணான பி.எச். சுமார் 0.2 அளவுக்கு ஏறும், அதாவது அமிலம் குறையும்.

இப்போது அந்த எண்களுக்கு வருவோம். ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எண் குறைந்தால் அமிலம் கூடியிருக்கிறது என்று பொருள். 7.4 எங்கே, 7.07 எங்கே, கொஞ்சம்தானே வித்தியாசம் என்று தோன்றும். இந்த அளவுகோல் அப்படி ஏமாற்றும். 7.07 என்றால் அமில அயனிகள் இருக்க வேண்டியதைப் போல இரு மடங்குக்கும் மேல். பைகார்பனேட் என்பது அமிலத்தைச் சமாளிக்க ரத்தம் வைத்திருக்கும் கையிருப்பு. 22 முதல் 26 வரை இருக்க வேண்டியது உங்கள் மகனிடம் 4.5 தான் மிச்சம் இருந்தது. இரண்டு நாளில் அவ்வளவும் எதில் கரைந்தது?

இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் தசைகளால் அதைச் சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பு பட்டினி கிடப்பதுபோல நினைத்துக் கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும். கல்லீரல் அந்தக் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றித் தள்ளும். கீட்டோன்களில் பெரும்பாலானவை அமிலங்கள். காய்ச்சல் நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்பவை. ஆகையால் காய்ச்சலில் இன்சுலின் தேவை பல நேரம் கூடத்தான் செய்யும். தம்பிக்குத் தேவை கூடிய நாட்களில் வரவு பூஜ்யம் ஆகிவிட்டது. அமிலம் வந்து கொட்டக் கொட்டப் பைகார்பனேட் செலவாகிக்கொண்டே போனது.

அப்போதுதான் மூச்சு கை கொடுத்தது. தாடைக்குக் கீழே, கழுத்தின் இரு பக்கமும் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அது ரத்தத்தை ஓயாமல் ருசி பார்த்துக்கொண்டே இருக்கும். மூச்சு எப்படி இதன் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது என்று கண்டுபிடித்த கார்னெயில் ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்தில் அமிலம் ஏறியதும் இந்த உறுப்பு மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். முகுளத்துக்கு அருகிலேயே, கரியமில வாயு கொஞ்சம் ஏறினாலும் கண்டுபிடித்துவிடும் உணர்விகள் தனியாக இருக்கின்றன. "ஆழமாக இழு, வேகமாக விடு" என்று முகுளம் உத்தரவு போடும். கீட்டோன் அமிலத்தை மூச்சு வழியாகப் பெரிய அளவில் வெளியேற்ற முடியாது. அதனால் உடம்பு தன்னால் ஊதித் தள்ள முடிந்த கரியமில வாயுவைத் தள்ளி மொத்த அமிலப் பாரத்தைக் குறைக்கிறது. சாதாரணமாக 40 இருக்க வேண்டிய எண் தம்பிக்கு 16 ஆனது அப்படித்தான்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பைகார்பனேட் அதே 4.5. ஆனால் மூச்சு மட்டும் சாதாரணமாக இருந்து, கரியமில வாயு 40-லேயே நின்றிருந்தால்? பி.எச். 6.7 பக்கம் வந்துவிடுகிறது. 6.8-க்குக் கீழே உயிர் நிலைப்பது மிக அரிது. ஐ.சி.யூ. டாக்டர் உங்களிடம் சொன்னது ஆறுதல் வார்த்தை இல்லை அம்மா, அப்பட்டமான கணக்கு. சிகிச்சை தொடங்கும் வரை உங்கள் மகனை அந்தப் பெருமூச்சுதான் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

இந்த மூச்சுக்குக் குஸ்மால் மூச்சு என்று பெயர். அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர், சர்க்கரை நோயில் மயக்கத்துக்குப் போகிறவர்கள் இப்படி மூச்சு விடுவதை 1874-இல் எழுதி வைத்தார். அன்று இன்சுலின் கிடையாது. அது மனிதருக்கு முதலில் போடப்பட்டது 1922-இல்தான். அந்த மூச்சைப் பார்த்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று மட்டும் அவருக்குத் தெரியும். செய்ய ஒன்றும் இல்லை. இன்று நமக்கு அதே மூச்சு, இன்னும் நேரம் இருக்கிறது, ஓடு என்று சொல்லும் அடையாளம்.

கிளினிக்கில் நடந்ததையும் பேசியாக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் அந்த விரல் மெஷின் இருக்கிறது. 99 காட்டினால் நிம்மதியாகிவிடுகிறோம். மெஷின் பொய் சொல்லவில்லை. தம்பியின் நுரையீரலில் கோளாறே இல்லை. அவ்வளவு காற்றை இழுத்து விடுகிறவனுக்கு ஆக்ஸிஜன் 99 இருக்கத்தான் செய்யும். ஆனால் அமிலத்தைப் பற்றி அந்த மெஷினுக்கு ஒன்றும் தெரியாது. வீசிங் என்றால் மூச்சை வெளியே விடுவதுதான் கஷ்டம். விசில் சத்தம் கேட்கும். குஸ்மால் மூச்சில் அந்தச் சத்தம் இருக்காது. படுத்துக் கிடக்கும்போதே மாடிப்படி ஏறி வந்தவன் மாதிரி, ஆழமாக, சீராக, நிற்காமல் வாங்கும். வாயில் அழுகிய பழ வாசனை, அல்லது நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாசனை வரலாம். வாந்தி, வயிற்றுவலி, அடங்காத தாகம் கூட வரும். சர்க்கரை நோயாளி ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று வந்தால், மெஷின் மாட்டிய விரலுக்குப் பக்கத்து விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுகர் பார்த்தே ஆக வேண்டும். அரை நிமிட வேலை. அது அன்று நடக்காமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நானும் இந்தப் பாடத்தை ஒரு நோயாளியின் படுக்கை அருகில் நின்றுதான் கற்றேன். மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த காலம். இதே மாதிரி கீட்டோன் அமிலத்தோடு ஒருவர் இரவில் வந்தார். களைத்துப்போய், நினைவு மங்கி, நிமிடத்துக்கு முப்பத்தைந்து முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தோம். எல்லாருக்கும் வைப்பதுபோல நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்தேன். திரை அமைதியானது, எனக்கும் நிம்மதி. அரைமணி நேரத்தில் வந்த ரத்தப் பரிசோதனையில் கரியமில வாயு ஏறியிருந்தது, பி.எச். வந்தபோது இருந்ததைவிட இன்னும் கீழே. எங்கள் சீனியர் ஓடி வந்து எண்ணை 30-க்கு மேல் திருகினார். "அவர் தானாகச் செய்துகொண்டிருந்த வைத்தியத்தை நீ நிறுத்திவிட்டாயே" என்றார். நோயாளி பிழைத்துக்கொண்டார். அந்த வார்த்தை இன்றும் என்னோடு இருக்கிறது. மூச்சு வாங்குவதைப் பார்த்தால் அதை அடக்கத்தான் கை போகும். எதற்காக வாங்குகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

ஓர் எண்ணை மட்டும் பார்த்துத் தவறுவது பெரிய ஊர்களிலும் நடந்திருக்கிறது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோய் பரவியது. பிளெக்டம் மருத்துவமனையில், மூச்சுத் தசைகள் செயலிழந்து முதல் மூன்று வாரங்களில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். ரத்தத்தில் பைகார்பனேட் கூடியிருந்ததால், ஏதோ புரியாத காரணத்தால் ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது என்று நினைத்தார்கள். மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சென், இது நேர் எதிர் என்றார். மூச்சு போதாமல் கரியமில வாயு உள்ளே தங்கிவிட்டது, ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். ஆகஸ்ட் மாதம், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றுக் கொடுத்துக் காட்டினார். சிறுமி பிழைத்தாள். அதன் பிறகு ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இன்றைய ஐ.சி.யூ. பிறந்த கதை இது. உங்கள் மகன் நான்கு நாள் படுத்திருந்த அறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

சரி, பிராணாயாமம். தம்பி செய்யலாம். நிதானமாக இழுத்து நிதானமாக விடும் பயிற்சி மனதுக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது. ஆனால் கீட்டோன் அமிலம் வராமல் அது தடுக்காது. ரத்தத்தின் அமில அளவை முகுளம் தானாகவே மூச்சுக்கு மூச்சு சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் நாம் மாற்றினாலும் எழுந்தவுடன் அது பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும். அமிலம் ஊறும் ஊற்று இன்சுலின் இல்லாமை. அதை அடைக்காமல் எவ்வளவு ஊதினாலும் ஒரு கட்டத்தில் நெஞ்சுத் தசை களைத்துவிடும். தம்பி அன்று இரவு மயங்கினானே, இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான பயிற்சிகளில் இன்னொன்று உண்டு. தேவையில்லாமல் கரியமில வாயு வெளியேறிவிட்டால் ரத்தம் எதிர்ப் பக்கம், காரத்தன்மைக்குச் சாயும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். ரத்தத்தில் செயல்படும் நிலையில் உள்ள கால்சியம் குறைந்து உதடும் விரல்நுனியும் மரமரக்கும், கை விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்ளும். பயத்தில் படபடவென்று மூச்சு விடுகிறவர்களுக்கும் இதே நிலை வரும். பயிற்சியின்போது இப்படித் தோன்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். அப்புறம், ஊருக்கு வந்தால் கிணற்றில் குதிக்கிற பையன் என்றால் இதையும் சொல்லி வையுங்கள். அதிக நேரம் மூழ்கலாம் என்று குதிக்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடக்கூடாது. கரியமில வாயு குறைந்துபோவதால் தண்ணீருக்குள் தவிப்பு வராது. தவிப்பு வருவதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து நினைவு போய்விடும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

ஆல்கலைன் வாட்டருக்கு, அதாவது காரத்தன்மை ஏற்றிய தண்ணீருக்கு, காசு செலவழிக்க வேண்டாம். அது வயிற்றுக்குள் போனதும் அங்குள்ள கடும் அமிலத்தில் கரைந்துவிடும். மிஞ்சி ரத்தத்துக்குப் போவதையும் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். நெஞ்செரிச்சலை நாம் அசிடிட்டி என்கிறோம்; அது இரைப்பை சம்பந்தப்பட்டது. ரத்தத்தில் அமிலம் ஏறுவது வேறு சங்கதி. பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். யாராவது ஆப்ப சோடா கரைத்துக் கொடுக்கச் சொன்னால் அதையும் செய்யாதீர்கள். சோடா அமிலத்தோடு சேர்ந்தால் மறுபடி கரியமில வாயுதான் வரும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவன் அதையும் சேர்த்து ஊதித் தள்ள வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியிலேயே கூட மிகக் கடுமையான நிலையில் தவிர பைகார்பனேட் போடுவதில்லை. அங்கே அவனைச் சரிசெய்தவை சலைன், இன்சுலின், கூடவே கவனமாகக் கொடுத்த பொட்டாசியம்.

இனி காய்ச்சல், வாந்தி வந்தால் என்ன செய்வது? இன்சுலினை முழுவதாக நிறுத்தக்கூடாது. சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைச் சாப்பிடும் அளவுக்கு ஏற்பக் குறைக்கலாம். ஆனால் நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் ஊசி தொடர வேண்டும். இரண்டும் கலந்த ஊசி போடுகிறவன் என்றால் உடம்பு சரியில்லாத நாளில் எத்தனை யூனிட் என்பதை அவனுடைய டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, சுகர் பார்க்க வேண்டும். சுகர் 250-க்கு மேல் போனாலோ வாந்தி வந்தாலோ கீட்டோன் பார்க்க வேண்டும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை மருந்துக் கடையில் கிடைக்கும். தண்ணீர், மோர், கஞ்சித் தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கட்டும். உங்கள் பயம் நியாயமானது என்றேனே, அதற்கும் வழி இருக்கிறது: சுகர் இறங்குவதாகத் தெரிந்தால் ஊசியை நிறுத்துவதற்குப் பதிலாகக் குளுக்கோஸோ சர்க்கரை போட்ட பானமோ கொடுங்கள். வாந்தியால் அதுவும் தங்கவில்லை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. உடனே ஆஸ்பத்திரி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. டப்பாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சுகர் 200 கூட இல்லாத நிலையிலும் கீட்டோன் அமிலம் ஏறலாம். வாந்தியும் பெருமூச்சும் இருந்தால், சுகர் பரவாயில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

தம்பியின் அறைத் தோழனிடம் நீங்களே ஒருமுறை போனில் பேசுங்கள். இவன் மூச்சு பெரிது பெரிதாக வாங்கினாலோ, எழுப்பினால் குழறினாலோ, ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டினாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், "டைப் 1 சுகர், கீட்டோன் பாருங்கள்" என்று அவன் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தம்பியின் கட்டிலுக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். கீழே உங்கள் போன் நம்பரும் 108-ம் இருக்கட்டும்.